வாட்ஸ் நெருப்பில் பிறந்த பள்ளி: கிங்/ட்ரூவின் வரலாறு

போன மாதம் நடந்த வாசிப்பு வட்டத்தில் செவிலியர் படிப்புப் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணா, இடஒதுக்கீடு காலேஜ் வாசல்லதானே ஆரம்பிக்குது. அந்த வாசல் வரைக்கும் எங்கள யார் கூட்டிட்டு வர்றது?"

அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, எப்போதோ படித்த ஒரு பள்ளியின் வரலாறு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய வில்லோபுரூக் என்ற பகுதியில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. பெயர் கிங்/ட்ரூ மருத்துவ அறிவியல் மேக்னட் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. கட்டணம் கிடையாது. படிப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். மருத்துவம், செவிலியம், உயிரியல் ஆய்வு ஆகிய துறைகளை நோக்கி அந்தப் பிள்ளைகளைப் பதினான்கு வயதிலேயே தயார் செய்வதுதான் அந்தப் பள்ளியின் வேலை.

இந்தப் பள்ளியை எந்த அரசும் மனம் இரங்கிக் கட்டிக் கொடுத்துவிடவில்லை. தங்கையின் கேள்விக்கான என் பதிலாக அதன் கதையை எழுதுகிறேன்.

அலமீடா தெருவுக்கு இந்தப் பக்கம்

நம்மிடம் ஊர், சேரி என்று இரண்டு இருப்பதுபோல லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரண்டு உண்டு. தெற்குப் பகுதியில் அலமீடா என்ற தெருதான் பல ஆண்டுகள் எல்லைக்கோடாக இருந்தது. அதற்குக் கிழக்கே சவுத் கேட் போன்ற வெள்ளையர் ஊர்கள். மேற்கே வாட்ஸ், வில்லோபுரூக். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலை வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் இந்த மேற்குப் பக்கத்தில்தான் அடைக்கப்பட்டார்கள். வீட்டுப் பத்திரத்திலேயே "கறுப்பருக்கு விற்கக் கூடாது" என்று எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் மூலம் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நடைமுறை மாறவில்லை.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1963இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1964 நவம்பரில், பொது வாக்கெடுப்பு நடத்தி அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் "யாருக்கு வீடு கொடுப்பது என்பது எங்கள் உரிமை" என்றார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று கேட்கப்பட்ட எவருக்கும் இந்த மனநிலை புதிதல்ல.

இந்த எல்லைக்கோடு உடம்பிலும் விழுந்தது. 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் தென்கிழக்குப் பகுதியில் சுமார் 2,52,000 மக்களுக்கு இருந்த மருத்துவர்கள் 106 பேர். அதாவது ஒரு மருத்துவருக்கு ஏறத்தாழ 2,400 பேர். மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், மக்கள் தொகைக்கு ஏற்ற மருத்துவர் எண்ணிக்கை இதைவிட மூன்று மடங்கு. ஏழைகளுக்கான பெரிய அரசு மருத்துவமனை வெகு தொலைவில் இருந்தது. கார் இல்லாத தாய், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். போனாலும் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

1965 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 11ஆம் தேதி மாலை, மார்க்கெட் ஃப்ரை என்ற 21 வயதுக் கறுப்பின இளைஞரை நெடுஞ்சாலைக் காவல்துறை நிறுத்தியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்பது சந்தேகம். வீடு பக்கத்தில்தான். அம்மா ஓடி வந்தார். தள்ளுமுள்ளு, அடி, கைது. கூட்டம் கூடியது. அன்று இரவு தொடங்கிய நெருப்பு ஆறு நாட்கள் எரிந்தது. தேசியக் காவற்படையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் இறக்கப்பட்டார்கள். 34 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கைதானவர்கள் 4,000 பேருக்கு நெருக்கம்.

அரசு இதைக் கலவரம் என்று எழுதியது. மக்கள் எழுச்சி என்றார்கள்.

எழுச்சிக்குப் பிறகு, வழக்கம்போல, ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஜான் மெக்கோன், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் முன்னாள் இயக்குநர். அந்த அறிக்கையில் நமக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. எழுச்சியை ஒரு சிறு கூட்டத்தின் வேலையாகக் காட்டியது, காவல்துறையை மென்மையாகவே தொட்டது. ஆனால் அந்தக் குழுவாலும் மறைக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது: இங்கே மருத்துவமனை இல்லை. நான் மேலே சொன்ன 106 மருத்துவர் கணக்கு அந்த அறிக்கையில் உள்ளதுதான். இந்தப் பகுதிக்கு ஒரு முழுமையான மருத்துவமனை வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது.

பரிந்துரை காகிதத்தில் இருந்தது, பணம் வேண்டுமே. 1966இல் மருத்துவமனை கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மாவட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். ஆனால் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் திட்டம் தோற்றது. மாவட்ட நிர்வாகம் வேறு வழியில் நிதி தேட வேண்டியதாயிற்று. அப்படித் தேட வைத்தவர்கள் அந்தப் பகுதிப் பெண்கள். லில்லியன் மோப்லி, மேரி ஹென்றி, கேஃபி கிரீன் போன்ற பெண்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் போய் உட்கார்ந்தார்கள், கேள்வி கேட்டார்கள், விடாமல் துரத்தினார்கள்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட மருத்துவமனைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1972இல் அது திறக்கப்பட்டது. நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு இது. அதே 1972இல்தான் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது. அந்தக் கருஞ்சிறுத்தைகளும் துப்பாக்கி மட்டும் தூக்கியவர்கள் அல்லர். அவர்களின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளை 1969இன் இறுதியில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தது. நோயும் மருந்தும் அரசியல்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரத்தத்திலும் இரட்டைக் குவளை

மருத்துவமனை வந்தால் போதுமா? அதில் யார் மருத்துவர்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது ஒரு மருத்துவக் கல்வி நிறுவனம். 1966இலேயே அது பதிவு செய்யப்பட்டுவிட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சார்லஸ் ட்ரூ.

ட்ரூ 1904இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பின அறுவை மருத்துவர். அவர் வளர்ந்த காலத்தில் கறுப்பின மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. 1910இல் வெளியான ஃபிளெக்ஸ்னர் அறிக்கை, தரத்தின் பெயரால், ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் இரண்டை மட்டுமே காப்பாற்றத் தகுந்தவை என்றது. மற்ற ஐந்தும் காலப்போக்கில் மூடப்பட்டன. கறுப்பின மருத்துவர்கள் தங்கள் இனத்தாரைக் கவனித்தால் போதும், அதுவும் முக்கியமாகச் சுகாதாரப் பணியில் என்பது அந்த அறிக்கையின் பார்வை. "தகுதி", "தரம்" என்ற சொற்கள் யாருடைய வாயிலிருந்து, எந்த நேரத்தில் வருகின்றன என்று நாம் ஏன் கவனிக்கிறோம் என்பதற்கு இது பழைய சாட்சி.

ட்ரூ கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். பிறகு நியூயார்க்கின் கொலம்பியாவில், அண்ணல் அம்பேத்கர் படித்துவிட்டுப் போன அதே பல்கலைக்கழகத்தில், ரத்தத்தைச் சேமித்து வைப்பது பற்றிய ஆய்வுக்காக 1940இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அதே ஆண்டு, குண்டுவீச்சில் சிக்கிய பிரிட்டனுக்கு ரத்தப் பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை வழிநடத்தினார். அடுத்த ஆண்டு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த வங்கி முன்னோடித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார்.

அந்தச் சங்கம் என்ன செய்தது? முதலில் கறுப்பின மக்களின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. எதிர்ப்பு வந்த பிறகு 1942இல் வாங்கியது, ஆனால் தனியாகச் சேமித்தது. வெள்ளைச் சிப்பாய்க்குக் கறுப்பர் ரத்தம் போய்விடக் கூடாதாம். தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்தார்கள், அங்கே ரத்தத்துக்கே தனிக் குவளை. இதில் அறிவியல் எதுவும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். 1950இல்தான் சங்கம் இந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

இங்கே இளைய தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1950 ஏப்ரல் 1 அன்று வட கரோலினாவில் கார் விபத்தில் ட்ரூ இறந்தார். "வெள்ளையர் மருத்துவமனை அவருக்கு ரத்தம் தர மறுத்ததால் இறந்தார்" என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அது உண்மையல்ல. வெள்ளை மருத்துவர்கள் அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள், காயம் அவ்வளவு மோசம். உடன் பயணித்த கறுப்பின மருத்துவர்களே இதை உறுதி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை சும்மா பிறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே மாநிலத்தில் விபத்தில் சிக்கிய கறுப்பின மாணவர் ஒருவர், கறுப்பருக்கான படுக்கை காலி இல்லை என்று பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இறந்தார். மக்கள் நினைவில் இரண்டும் கலந்துவிட்டன. நம் பக்கம் உண்மையே போதுமான அளவு இருக்கிறது. பொய்யை நாம் பகிர்ந்தால், எதிரி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா உண்மையையும் தள்ளிவிடுவான்.

காந்தம் யாரை இழுத்தது?

இப்போது பள்ளிக்கு வருவோம். "மேக்னட்" என்றால் காந்தம். இந்த வகைப் பள்ளிகளின் பிறப்பே ஒரு முரண்.

பள்ளியில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குடியிருப்பே பிரிந்து கிடக்கும்போது பள்ளி எப்படிச் சேரும்? லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி நிர்வாகத்தின் மீது 1963இல் தொடுக்கப்பட்ட வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1978இல் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிப் பள்ளிக்கு அனுப்பும் கட்டாயத் திட்டம் தொடங்கியது. வெள்ளைப் பெற்றோர் கொதித்தார்கள். பலர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள், பலர் வீட்டையே மாற்றினார்கள். 1979இல் மறுபடியும் ஒரு பொது வாக்கெடுப்பு. 1981இல் கட்டாயப் பேருந்துத் திட்டம் முடிந்தது.

எஞ்சியது விருப்பத் திட்டம், அதாவது மேக்னட் பள்ளிகள். சிறப்புப் பாடத்திட்டத்தோடு ஒரு பள்ளியை வைத்தால், எல்லா இனத்துப் பிள்ளைகளும் காந்தத்தில் ஒட்டும் இரும்புபோல வந்து சேர்வார்கள் என்பது கணக்கு.

1982இல் கிங்/ட்ரூ தொடங்கியது. பள்ளி நிர்வாகம், கிங் மருத்துவமனை, ட்ரூ மருத்துவக் கல்வி நிறுவனம் ஆகிய மூன்றும் கைகோத்தன. சொந்தக் கட்டிடம் இல்லாமல்தான் தொடக்கம். முறையான வளாகம் கிடைக்க 1990களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பக்கத்திலேயே மருத்துவமனை. பாடப் புத்தகத்தில் இதயம் படித்த மாணவி மருத்துவமனைக்குள் நுழைந்து, தன் நிறத்தில், தன் தெருவின் பேச்சில் பேசும் மருத்துவர் பின்னால் நடந்து பார்க்க முடிந்தது. "நம்ம ஆளு ஒருத்தர் இந்தக் கோட்டு போட்டிருக்கார்" என்று கண்ணால் காண்பது என்ன செய்யும் என்பதை, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

வெள்ளைப் பிள்ளைகள் வந்தார்களா? வாட்ஸ் பக்கம் அவர்கள் வரவில்லை. வெள்ளையரை இழுக்க உருவான காந்தம், அந்த மண்ணின் பிள்ளைகளையே ஒன்றுசேர்த்தது. ஒருங்கிணைப்புக் கருவியாகப் பார்த்தால் தோல்வி என்பார்கள். ஒடுக்கப்பட்டோர் தமக்கென ஒரு நிறுவனம் கட்டிக்கொண்ட வரலாறாகப் பார்த்தால் வேறு பதில் வரும்.

சேர்க்கை முறையையும் கவனியுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் மேக்னட் பள்ளிகளில் பொதுவாக நுழைவுத் தேர்வு கிடையாது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல். அதிலும் வெள்ளையரல்லாதார் பெரும்பான்மையாக உள்ள பகுதி, நெரிசலான பள்ளி, முந்தைய ஆண்டு காத்திருப்புப் பட்டியல் போன்றவற்றுக்குக் கூடுதல் புள்ளி. பதிமூன்று வயதுப் பிள்ளையின் "தகுதி"யை ஒரு நாள் தேர்வில் அளந்து வடிகட்டாமலே, மருத்துவம் நோக்கிய பள்ளி ஒன்று நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது.

மூடிய கதவுகள்

பள்ளி பிள்ளைகளைத் தயார் செய்தது. மேலே கதவைச் சாத்தினார்கள். 1996இல் கலிஃபோர்னியாவில் 209ஆவது பிரேரணை வாக்கெடுப்பில் வென்றது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கத் தடை. விளைவு என்ன? 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பெருமைமிகு அரசுப் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏவில் ஏறத்தாழ ஐயாயிரம் முதலாண்டு மாணவர்களில் கறுப்பினத்தவர் 96 பேர். அந்த எண்ணே ஒரு போராட்ட முழக்கமாயிற்று.

அடுத்த அடி பக்கத்துக் கட்டிடத்தில் விழுந்தது. கிங் மருத்துவமனையின் தரம் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 2004இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அதன் தவறுகளைத் தொடராக வெளியிட்டது. 2007 மே மாதம் அவசர சிகிச்சைப் பிரிவின் தரையில் வலியில் துடித்த ஒரு பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. அவர் இறந்தார். ஆகஸ்டில் மருத்துவமனை மத்திய ஆய்வில் தோற்று, நிதியை இழந்து, உள்நோயாளி சிகிச்சையை மூடியது.

இதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நிதி போதவில்லை, மாவட்ட நிர்வாகம் பொறுப்பைத் தட்டிக் கழித்தது, எல்லாம் உண்மை. ஆனால் "இது நம்ம ஆஸ்பத்திரி, குறை சொல்பவன் எதிரி" என்று பலர் பல ஆண்டுகள் பேசியதும் உண்மை. தரையில் கிடந்து செத்தவரும் அந்தப் பகுதி ஏழைப் பெண்தான். நம் தலைவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் என்றால் நாம்தான் அதை முதலில், கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும்.

மக்கள் மறுபடி போராடினார்கள். 2015இல் மருத்துவமனை சிறிய அளவில், புதிய நிர்வாகத்தில் மீண்டும் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளிலும் பள்ளி மூடப்படவில்லை. 1981 முதல் யுசிஎல்ஏவுடன் சேர்ந்தே மருத்துவ மாணவர்களை உருவாக்கிய ட்ரூ நிறுவனம், இன்று சார்லஸ் ட்ரூ பல்கலைக்கழகம், 2023இல் தன் சொந்த மருத்துவப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. எழுச்சிக்கும் அதற்கும் இடையே 58 ஆண்டுகள்.

இன்னொரு பள்ளி

கதையை இத்தோடு முடித்தால் விளம்பரமாகிவிடும். வாட்ஸ் எழுச்சிக்குப் பின் 1967இல் அதே வட்டாரத்தில் இன்னொரு உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பினச் சிந்தனையாளர் ஆலன் லாக்கின் பெயர் அதற்கு. அதுவும் பெரும் நம்பிக்கையோடு தொடங்கியதுதான். ஆனால் காலப்போக்கில் இடைநிற்றலுக்குப் பேர்போன பள்ளியாகி, 2008இல் தனியார் அமைப்பு நடத்தும் சார்ட்டர் பள்ளியாகக் கைமாறியது.

ஒரே எழுச்சி, ஒரே மண், ஒரே பிள்ளைகள். ஒரு பள்ளிக்கு மருத்துவமனையும் கல்லூரியும் துணை நின்றன. இன்னொன்று அந்தத் துணை இல்லாமல் நின்றது. இன்னொன்றும் உண்டு. குலுக்கலில் பெயர் வர வேண்டுமானால் முதலில் விண்ணப்பம் போட வேண்டும். அது எப்போது, எங்கே என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளை மேக்னட்டுக்குப் போகும். இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தாயின் பிள்ளை பக்கத்துத் தெருப் பள்ளியில் இருக்கும். சிறப்புப் பள்ளி ஒன்றை வென்றெடுத்து, மற்ற பள்ளிகளைக் கைவிட்டால், நமக்குள்ளேயே ஒரு புதிய ஊரும் சேரியும் உருவாகும்.

தங்கைக்குப் பதில்

அந்த வாசல் வரை யார் கூட்டி வருவது என்றுதானே கேட்டீர்கள், தங்கையே? வாட்ஸ் மக்களின் அனுபவம் சொல்வது இதுதான். அவர்கள் மருத்துவமனை கேட்டார்கள். மருத்துவமனை கேட்கும்போதே மருத்துவர்களை உருவாக்கும் கல்லூரி கேட்டார்கள். பின்னர் கல்லூரிக்குப் போகும் பாதையைப் பதினான்கு வயதிலிருந்தே போட ஒரு பள்ளியும் எழுந்தது. மேலே இடஒதுக்கீடு போன்ற ஏற்பாட்டைச் சட்டம் பறித்தபோதும் கீழே அந்தப் பாதை இருந்தது. ஆனால் பாதை மட்டும் போதாது என்பதற்கு அந்த 96 என்ற எண்ணே சாட்சி. இரண்டும் வேண்டும்.

அண்ணலும் இதைச் செய்தவர்தான். அரசியல் சட்டத்தில் இடஒதுக்கீட்டுக்கு இடம் வாங்கித் தந்தவர், அந்த வேலைக்கு நடுவிலேயே 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியின் தொடக்கத்தையும் பார்த்தார். உரிமையையும் நிறுவனத்தையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

நம் ஊர்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் இருக்கின்றன. அவையும் கேட்டு, போராடி வந்தவைதான். உங்கள் ஊர்ப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு உயிரியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வகக் கதவின் பூட்டு கடைசியாக எப்போது திறக்கப்பட்டது? பக்கத்து அரசு மருத்துவமனைக்குள் அந்தப் பிள்ளைகள் நோயாளியாக அல்லாமல் ஒருமுறையாவது போயிருக்கிறார்களா? அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வரும்போது இந்த மூன்று கேள்விக்கும் பதிலோடு வாருங்கள். மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.